செயின் மட்டும் மாற்றினால் போதுமா?

பால் கேன், தீவனப்புல், உரமூட்டை என்று எல்லாவற்றையும் மொபட்டில்தான் ஏற்றுகிறார்களாம். ஆறு மாதத்தில் இரண்டாம் முறையாகச் செயின் கழன்று, பின்சக்கரம் இறுகி, கணவர் வண்டியோடு விழுந்து முழங்கையில் அடிபட்டதாம். 'செயினை மட்டும் மாற்றினால் போதுமா?' என்று கேட்கிறார் தொட்டியம் பகுதி வாசகி ஒருவர்.

போதாது. பின் பல்சக்கரத்தைப் பாருங்கள். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொக்கி போலக் கூராகியிருந்தால் அதன் ஆயுசு முடிந்தது. அதில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே நீண்டுவிடும். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள். ஒரே நாளில் பணம் போவது போலத் தெரியும். ஆனால் அதுதான் மலிவு.

இவ்வளவு சீக்கிரம் ஏன் தேய்கிறது? உரமூட்டையிலும் சந்தேகப்படலாம். பொட்டாஷும் ஒரு உப்புதான். சாக்கின் தையல் வழியே சிந்தும் உரம் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். தெளிப்பான் துருப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மாட்டுக் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தினாலும் கோமியமும் ஈரமும் இதே வேலையைச் செய்யும். உரம் ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவைத்து, எண்ணெய் விடுங்கள். முடிந்தவரை மூட்டையை முன்பக்கத் தளத்தில் வையுங்கள்.

எண்ணெய் விடும்போது இன்ஜினை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது துணியால் செயினைத் துடைத்தால் விரல் போய்விடும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பிரஷால் அழுக்கை நீக்கி, 90-ஆம் நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அதில் இருப்பது கரியும் இரும்புத் தூளும்தான். வெளியே கிரீஸ் அப்பினால் வயல் மண் அதில் ஒட்டி, அரம் போலத் தேய்க்கும்.

அடுத்தது இழுப்பு. கீழ்ச்செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்தால் சுமார் 2 செ.மீ. ஆட்டம் இருக்கலாம்; வண்டியோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். 'இனி கழலவே கூடாது' என்று தொய்வே இல்லாமல் முறுக்குவதும் தப்பு. சுமை ஏறினால் பின்புறம் அமுங்கி, செயின் இன்னும் இறுகி, பேரிங்கைக் கெடுக்கும்.

அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்கள். இரு பக்கக் கோடுகளும் ஒத்திருக்க வேண்டும். சக்கரம் கோணலாக நின்றால் செயின் கழலத்தான் செய்யும். நட்டை முறுக்கிய பிறகு பின்பிரேக்கைச் சோதியுங்கள். சக்கரம் பின்னே நகர்ந்ததால் பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

புல்கட்டுக் கயிற்றின் நுனியும், பின்னால் உட்காருபவரின் சேலை முந்தானையும் செயினில் சிக்கினாலும் சக்கரம் இப்படித்தான் இறுகும். பல வண்டிகளில் செயின் கவரைக் கழற்றி வீட்டில் போட்டிருக்கிறார்கள். செட் மாற்றும் அன்றே அதையும் பொருத்தச் சொல்லுங்கள்.