அண்ணன் தம்பி சேர்ந்து நிலம் வாங்கும்போது

வேலை ஓய்வு நெருங்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். “லயத்து வீட்டை விட்டு ஒருநாள் போகத்தானே வேண்டும்? அண்ணன் தம்பிகள் சேமநிதிப் பணத்தைப் போட்டு, இரண்டு மூன்று வீடுகள் உள்ள நிலமாக ஒன்றை வாங்கிவிட்டால் என்ன?” நல்ல யோசனைதான். சேர்ந்து வாங்குவது நமக்குப் புதிதும் அல்ல.

1950களில் வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. பால்மரத்தை வளர்த்தவர்களுக்கே நிற்க இடமில்லை. இந்தத் துண்டாடலைத் தடுக்கவே, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

அங்கே பணம் போட்டவருக்குச் சங்கத்தின் பங்கு கணக்கில் இருந்தது. குடும்பமாக வாங்கும்போது அப்படி ஒரு கணக்குக்கு ஈடானது கெரான் எனும் நிலப்பட்டா ஒன்றுதான். ஆகவே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவைத் தேடிப் பாருங்கள். நிலம் யார் பெயரில் உள்ளது, அடமானம் உண்டா, விவசாய நிலமா, கட்டட நிலமா என்பதெல்லாம் தெரியும். நெகிரி செம்பிலானில் இன்னும் ஒன்று. இங்கே மலாய் ஒதுக்கீட்டு நிலமும், அடாட் பெர்ப்பாத்தே வழியில் பெண்வழி இறங்கும் குல நிலமும் உண்டு. விலை மலிவு என்று தரகர் சொன்னாலும் அவற்றை நம் பெயருக்கு மாற்ற இயலாது.

இரண்டாவது, பணம் போட்ட ஒவ்வொருவர் பெயரும், அவரவர் பங்கும் கெரானில் ஏற வேண்டும். “மூத்தவர் பெயரில் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது வேண்டாம். மூத்தவர் கண்ணை மூடினால், சட்டத்தின் முன் அது அவருடைய மனைவி மக்கள் சொத்து. தம்பி கையிலிருக்கும் ரசீதுக்கு வழக்குத்தான் மிஞ்சும்.

மூன்றாவது, வீடு நான்கு இருந்தாலும் கெரான் ஒன்றுதான். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, விவசாய நிலத்தைப் பங்கு பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறையக் கூடாது. அது ஏறக்குறைய ஓர் ஏக்கர். மூன்று ஏக்கரை நால்வர் வாங்கினால் தலைக்கு முக்கால் ஏக்கர். தனித்தனிக் கெரான் கிடைக்காது. எந்த வீடு யாருக்கு, ஒருவர் பங்கை விற்க நினைத்தால் முதலில் யாரிடம் கேட்பது என்பதை வாங்கும் நாளிலேயே வழக்கறிஞரிடம் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றார்கள். எழுதி வைப்பது சந்தேகத்தினால் அல்ல. நாளைக்கும் அண்ணன் தம்பியாகவே இருப்பதற்காக.