அந்நியர் எழுப்பிய கலாசாலை

ஐரோப்பாவின் மிகப் பழைய சர்வகலாசாலை என்று பெயர் பெற்ற பொலோஞா கலாசாலை 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்வது, எட்டாவது நூற்றாண்டு விழாவை 1888இல் விமரிசையாகக் கொண்டாடும் பொருட்டு, இத்தாலியக் கவி கார்துச்சியின் தலைமையில் கூடிய அறிஞர்கள் ஒருவாறு நிச்சயித்துக்கொண்ட கணக்கேயாகும். பிறந்த தேதி தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் ஒரு நாளைக் குறித்துப் பாயசம் வைப்பதைப் போன்றது அது. ஆனால் அதைத் தோற்றுவித்தவர் யார் என்பதில் அத்தனை சந்தேகமில்லை. ரோமானியச் சட்டத்தைக் கற்பதற்காக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்த ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் முதலான அந்நிய மாணாக்கரே அதற்கு உருக்கொடுத்தவர்கள்.

அக்காலத்து இத்தாலிய நகரங்களில் வெளியூரானுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு அரிது. எவனோ ஒரு ஊர்க்காரன் கடனை அடைக்காமல் ஓடிப்போனால், அவனை முன்பின் கண்டிராத அவ்வூர் மாணவனின் பணத்தையும் புஸ்தகங்களையும் பறித்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெடெரிக் பார்பரோசா சக்கரவர்த்தி பிறப்பித்த சாசனம் இந்த அநீதியைத் தடுத்து, கல்வியின் பொருட்டுத் தேசாந்தரம் செல்வோருக்கு அபயமளித்தது. தங்கள்மீது தொடரப்படும் வழக்கைத் தம் ஆசிரியரோ பிஷப்போ விசாரிக்கும்படி கோரும் உரிமையையும் தந்தது.

அரசன் அளித்த அபயத்தோடு அம்மாணாக்கர் திருப்தியடைந்துவிடவில்லை. தேசவாரியாகச் சங்கங்கள் கண்டு, தம்முள் ஒருவனையே ரெக்டர் என்னும் தலைவனாகத் தேர்ந்தெடுத்து, பாடத்தைத் தாமதமாகத் தொடங்கிய ஆசிரியருக்கும், மணி அடித்த பின்னும் பேசிக்கொண்டிருந்தவருக்கும் அபராதம் விதித்தார்கள். ஐந்து பேர்கூடக் கேட்க வராவிட்டால் அந்த ஆசிரியர் வகுப்புக்கு வராதவராகவே கணக்கிடப்பட்டார். (நம் காலத்துப் பேராசிரியர்கள் இதைப் படித்து மனம் கலங்க வேண்டாம்.) பொலோஞா நகரத்துப் பிள்ளைகளுக்கு அச்சங்கங்களில் இடமில்லை, அவர்களைக் காக்க நகரமே இருந்தது. இவையெல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்வது வாடகை விஷயம்தான். மாணாக்கர் தரப்பிலும் நகரத்தின் தரப்பிலும் நியமிக்கப்பட்டவர்கள் சேர்ந்து வீடுகளுக்கு வாடகை நிர்ணயித்தார்கள். நகரம் தம் மனம் கோண நடந்தால் மாணாக்கர் மூட்டை கட்டிவிடுவார்கள். 1222இல் ஒரு கூட்டம் அவ்வாறு புறப்பட்டுப் போனதிலிருந்தே பாதுவா கலாசாலை பிறந்தது.

பிற்பாடு, மாணாக்கருக்குப் பதிலாக, ஆசிரியர்களுக்கு நகராட்சியே சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் அதிகாரம் பணம் கொடுத்தவன் கைக்கு மாறிற்று. ஆயினும், கலாசாலைக்கென 1563இல் கட்டி முடிந்த ஆர்கிஜின்னாசியோ மாளிகையின் சுவர்களிலும் விதானங்களிலும் ஏறக்குறைய 6,000 மாணாக்கரின் குலச் சின்னங்கள், பெயரும் ஊரும் பொறித்து, இன்றும் நிறைந்திருக்கின்றன.

இன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து அந்நகருக்குப் படிக்கப் போகிறவன், வந்து சேர்ந்த எட்டு வேலை நாட்களுக்குள், தபால் நிலையத்தில் படிவக் கட்டு வாங்கிப் பூர்த்தி செய்து, தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அறை கிடைத்துவிட்டால் அவன் பாக்கியசாலி. பிற தேசங்களின் போக்கும் மெச்சத்தக்கதாயில்லை. ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017இல், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் மட்டும் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கத் தொடங்கிற்று. பிரிட்டனோ 2024 ஜனவரி முதல், வகுப்பறைப் பாடங்களாலான முதுகலைப் படிப்புக்கு வருவோர் மனைவி மக்களை உடனழைத்து வருவதையும் தடுத்துவிட்டது.

ராஜ்யங்கள் எல்லையைக் காப்பதை நான் குறை கூறவில்லை. ஆயினும் அன்றைய மாணாக்கனின் ஆயுதம் புறப்பட்டுப் போய்விடுவதே. இன்றைய மாணாக்கனின் விசாவோ பெரும்பாலும் சேர்ந்த படிப்போடும் கலாசாலையோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், மூட்டை கட்டுவதாக அவன் மிரட்டினாலும் நஷ்டம் அவனுக்கே. ஆகவே, அந்நிய மாணாக்கரின் கட்டணத்தை நம்பிக் கட்டடம் எழுப்பும் கலாசாலைகள், அவர்களின் பிரதிநிதிகளையும் நகர சபையையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, ஒவ்வோராண்டும் சேர்க்கை தொடங்குமுன் அறை வாடகைக்கு ஓர் உச்சவரம்பு வகுக்கட்டும்.