காவிரியின் மின்சாரத்தில் ஓடிய தங்கவயல்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் அதன் தெருக்களில் பெரும்பாலும் தமிழே கேட்கும். சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் மிகுதியானோர் வடஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள். பெரும்பாலும் தலித் மக்கள். தஞ்சையிலிருந்து மைசூரு ரயிலில் பெங்களூரு போய், அங்கிருந்து பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தால் ஊருக்குள்ளேயே இறங்கலாம்.

இப்பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை 1802இல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி கண்டறிந்து எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போர்க்களத்திலிருந்து வந்த அயர்லாந்துக்காரர் லாவல், 1873இல் மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி கேட்டு, பிறகு பெற்றார். லண்டன் பணம் வந்து குவிந்தது, கரையவும் செய்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்று, சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் பொன்தடம் அகப்பட்ட பிறகே தொழில் நிலைத்தது.

தோண்டத் தோண்ட ஆழம் கூடியது. ஆழம் கூடக்கூட விசை வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தது காவிரி. 1902 ஜூனில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று. மேட்டூர் அணைக்கு 32 ஆண்டுகள் முந்தியது. சிவசமுத்திரத்தில் சுழலியைச் சுற்றிவிட்ட தண்ணீர்தான் கல்லணைக்கு வந்து டெல்டாவின் நெல்லுக்கும் பாய்ந்தது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே போனது. கூண்டில் இறங்கியவர்களுக்குக் கீழே கொதிக்கும் பாறை; அது திடீரென வெடித்துச் சிதறி உயிர்களைப் பறித்ததும் உண்டு. தப்பியவர்கள் பலரின் நுரையீரலைக் கல்தூசி தின்றது. அந்தச் சுரங்கத்திலேயே 1965இல் நியூட்ரினோ என்ற நுண்துகள் பற்றிய ஆய்வும் நடந்தது. 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

துரைமார் பங்களாக்களும் கிளப்பும் அழகானவை. படமெடுக்கப் போகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தொழிலாளர் 'லைன்' வீடுகளைப் பார்க்காமல் திரும்பினால் ஊரைப் பார்த்ததாகாது. ஒரு குடும்பம் முழுவதும் அடங்கிய சிற்றறைகள் அவை. பின்னால் எழும் சாம்பல் மேடுகளை ஊரார் சயனைடு மலை என்கிறார்கள். சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய, அரைத்த கல்லின் பொடி அது. காற்றடித்தால் சோற்றுத் தட்டு வரை வருகிறது. மாரிக்குப்பத்தில் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடத்தையும் தேடிப் போகலாம். சுரங்கம் போனபின் ஊரில் வேலையில்லை. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போய் வருகிறார்கள்.

அருகே கம்மசந்திராவில் 108 அடி லிங்கம் நிற்கும் கோடிலிங்கேசுவரர் கோயிலுக்குக் கூட்டம் அதிகம். தஞ்சாவூர்க்காரர்கள் தவறவிடக் கூடாதது கோலார் நகரத்துக் கோலாரம்மன் கோயில். அதன் கல்சுவரில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன.