எழும்பூரில் ஒரு பகல்

தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னை என்பது பெரும்பாலும் இரண்டு இரவு ரயில்களுக்கு இடைப்பட்ட ஒரு பகல்தான். திண்டுக்கல்லில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறினால் விடியும் நேரத்தில் எழும்பூர். அன்றிரவே திரும்பும் ரயில். நடுவில் ஒரு வேலை இருக்கும்: நேர்முகத் தேர்வு, மருத்துவர், அலுவலகத்தில் ஒரு கோப்பு, உறவினர் வீட்டுத் திருமணம். அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அல்லது பிற்பகலுக்குத் தள்ளிப்போகும். எப்படியும் நான்கைந்து மணி நேரம் கையில் மிஞ்சும். அந்த நேரத்தை நாம் என்ன செய்கிறோம் என்பது பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பு இந்தப் பயணங்கள் அதிகம். 2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபின் வழக்குக்காகச் சென்னைக்கு ஓடுவது குறைந்தது. 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியதும், பிள்ளையும் பையுமாகக் கிண்டியில் காத்திருந்த பெற்றோரின் அலைச்சலும் ஓய்ந்தது. இரண்டுமே நல்ல மாற்றங்கள். ஆனால் என் மாணவர்களில் பலர் இருபது வயது வரை சென்னையைப் பார்த்ததில்லை. பார்க்க வாய்க்கும்போதும் அது ஒற்றைப் பகலாகவே வாய்க்கிறது. ஆகவே அந்தப் பகலின் மதிப்பு கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அதை நாம் செலவிடும் விதம் எல்லோருக்கும் தெரியும். ரங்கநாதன் தெருவில் ஒரு மணி நேரம், உச்சிவெயிலில் மெரினாவில் அரை மணி நேரம், குளிர்பதன வசதிகொண்ட பேரங்காடி ஒன்றில் ஒரு சுற்று. மிச்சப் பொழுதெல்லாம் பேருந்திலும் ஆட்டோவிலும் கரைகிறது. இரவு ரயிலேறும்போது கால்வலியும் கைப்பேசியில் நாற்பது படங்களும் மிஞ்சுகின்றன. பல ஆண்டுகள் நானும் இப்படித்தான் திரிந்தேன். கடைத்தெருவை இழித்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தங்கைக்குப் புடவை எடுப்பதும் வாழ்க்கைதான். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றத்தைத்தான் குறை சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு முதுகலை மாணவர்களுடன் ஒரு சான்றிதழ் வேலையாகச் சென்னை சென்றேன். அலுவலகத்தில் மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லிவிட்டார்கள். மணி அப்போது பத்தரை. மாணவர்கள் கடற்கரை என்றார்கள். நான் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: இரண்டு பகுதிகளை மட்டும் பார்ப்போம், மற்றவற்றுக்குள் நுழையவே கூடாது.

தொல்பழங்காலப் பொருள்களின் பகுதியில் முதுமக்கள் தாழியின் முன் ஒரு மாணவன் நின்றுவிட்டான். புறநானூற்றில் 256ஆம் பாடல் அவனுக்கு மனப்பாடம். கணவனை இழந்த பெண் குயவரை விளித்து, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டும் பாடல் அது. வகுப்பில் அதை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். துறை எழுதிப் போட்டிருக்கிறேன், அருஞ்சொற்பொருள் சொல்லியிருக்கிறேன். அவன் இரு கைகளையும் காற்றில் விரித்துத் தாழியின் வாயை அளந்து பார்த்தான். "ஐயா, இதுல ஒருத்தரையே மடக்கித்தானே வைக்கணும்? அகலமாச் செய்னு அவ ஏன் கேட்டான்னு இப்பத்தான் புரியுது" என்றான். இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கும் அப்போதுதான் அந்தக் கோரிக்கையின் கனம் முழுதாக விளங்கியது.

பிறகு செப்புத்திருமேனிகளின் கூடம். திருவாலங்காட்டு நடராசரின் முன் அரை மணி நேரம். அவ்வளவுதான். 1851இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள் உட்பட எவ்வளவோ இருக்கின்றன. அவற்றைப் பாராமல் வந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. அடுத்த பயணத்துக்கு அவை இருக்கும்.

அதே வளாகத்தில்தான் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சேர வேண்டிய நான்கு நூலகங்களுள் அது ஒன்று. எல்லாப் பதிப்பாளர்களும் அனுப்புவதில்லை என்பது வேறு கதை. ஆனாலும் நம் ஊர்ச் சிறு பதிப்பாளர் ஒருவர் ஒழுங்காக அனுப்பியிருந்தால், திண்டுக்கல்லில் எங்கும் கிடைக்காத நம்மூர்ப் புத்தகம் அங்கே இருக்கக்கூடும். ஒரு நூலின் பெயரைக் குறித்துக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

இரவெல்லாம் ரயிலில் தூங்காமல் வந்தவனுக்கு அருங்காட்சியகம் ஒரு கேடா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. களைத்திருந்தால் தூங்குவதே நல்லது. ஆனால் களைப்பில் பாதி அலைச்சலால் வருவது. பையை நிலையத்துப் பொருள் வைப்பறையில் ஒப்படைத்துவிட்டு, வேலை நடக்கும் இடத்துக்கோ நிலையத்துக்கோ பக்கத்தில் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்துகொண்டால் பாதிக் களைப்பு இல்லை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். முக்கியமாக, பார்க்கப் போகும் பொருளைப் பற்றி முன்னதாகவே எதையாவது படித்துவிட்டுப் போக வேண்டும். அந்த மாணவன் வெறுங்கையோடு போகவில்லை. அவனிடம் ஒரு பாட்டு இருந்தது.

அன்றிரவு ரயிலில், நம் பக்கத்திலும் இப்படிப் பழைய ஈமக்காடுகள் உண்டா என்று கேட்டான். பழனிக்கு அருகே பொருந்தல் இருக்கிறதே என்றேன். 2009–10இல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். கல்லறை ஒன்றில் நான்கு கால்கள் கொண்ட சாடிக்குள் நெல் கிடைத்தது; அது கி.மு. 490 அளவினது எனக் கரிமக் காலக்கணிப்பு சொன்னது. நம் மாவட்டத்திலேயே இருக்கும் அந்த ஊரைப் பற்றி அவன் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நானும் வகுப்பில் அதுவரை சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழனிப் பேருந்தில் ஏறிப் போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது புறநானூற்றுத் தாழிப் பாடல்களை நடத்தும்போது நான் பொருந்தலிலிருந்துதான் தொடங்குகிறேன்.