இரண்டு சாவி

சொல்லை மாற்றுவதில் நம் அரசாங்கத்துக்கு எந்தக் கவிஞனும் ஈடில்லை. செங்கல்பட்டில் 1887ல் வெள்ளைக்காரன் திறந்தது சீர்திருத்தப் பள்ளி. இப்போதுள்ளவை சிறப்பு இல்லம், கூர்நோக்கு இல்லம். பாலக் குற்றவாளி 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்' ஆகிவிட்டான். களங்கம் கற்பிக்கும் சொற்களே கூடாதென்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஒரு கோட்பாடே வகுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் 2022 டிசம்பர் கடைசியில், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குள் போன 17 வயதுப் பையன், சில நாட்களில் பிணமானான். கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அடிக்கு மட்டும் இன்னும் புதுப் பெயர் வைக்கவில்லை.

இதெல்லாம் தினசரிப் பத்திரிகைக்காரன் சமாச்சாரம், இலக்கியத்துக்கு என்ன சம்பந்தம் என்று நம் உருவவாதிகள் கேட்பார்கள். கவிதையில் ஒரு அடைமொழி பொய் சொன்னால் நான்கு பக்கம் கிழிக்கிறவர்கள் இவர்கள். பெயர்ப்பலகை பொய் சொன்னால் மட்டும் அது விமர்சனத்துக்கு வெளியே போய்விடுமா? சொல் எதை மறைக்கும் என்பதைத் திருநெல்வேலியில் இருப்பவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குப் பின் 17 பேர் தாமிரபரணிக் கரையில் செத்தார்கள். 'நீரில் மூழ்கி' என்ற இரண்டே சொற்களில் தடிகள் காணாமல் போயின.

நான் வங்கி குமாஸ்தா. எங்கள் ஸ்ட்ராங் ரூமை ஒரே ஆள் திறக்க முடியாது. சாவி இரண்டு, அவை இரண்டு பேரிடம். முன்னறிவிப்பில்லாமல் வந்து ரொக்கத்தை எண்ணிப் பார்க்கிறார்கள். முக்கிய பொறுப்பில் இருப்பவர் ஆண்டில் சில நாள் கட்டாயமாக லீவில் போக வேண்டும். அவர் கணக்கை அப்போது இன்னொருவர் பார்ப்பார். இதனால் காஷியரைத் திருடன் என்று சொல்லிவிட்டதாக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காகிதப் பணத்துக்கு இவ்வளவு சந்தேகம். பூட்டிய அறைக்குள் இருக்கும் பையனுக்கோ ஒரு வார்டன், ஒரு சாவி, அவர் மனசாட்சி.

'எல்லா ஊழியரும் கொடியவர்களா?' என்று கேட்பது இந்த இடத்தில் அர்த்தமற்றது. ஒருவன் நல்லவனா என்பதைப் பையன் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சட்டப்படி ஆய்வுக் குழு 3 மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும்; குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். செங்கல்பட்டுப் பையனுக்கு 3 மாதம் கிடைக்கவில்லை. கொடுமை செய்யும் இல்ல ஊழியருக்கு 5 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 75ஆம் பிரிவு. அதுவும் அடி விழுந்த பிறகுதான்.

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2023ல் அரசிடம் அறிக்கை கொடுத்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் தேடிப் படித்தோம்? நான் கேட்பது கருணை அல்ல, கணக்கு. உள்ளே நுழையும் அன்றே மருத்துவர் உடம்பைப் பார்த்து எழுதட்டும். இரவில் ஒரே ஊழியர் தனியாகப் பொறுப்பில் இருக்கக் கூடாது. புகார்க் கடிதம் கண்காணிப்பாளர் மேஜையைத் தொடாமல் வெளியே போகட்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வு நடக்கட்டும். பையனின் பெயரை வெளியிடாதே என்கிறது சட்டம், சரி. அவன் முதுகில் விழுந்த தழும்பையும் மறைக்கச் சொல்லவில்லை.