ஐயனாரின் மண் குதிரைகள்

பிரான்சு நாட்டில் பெர்தினான் செவால் என்னும் தபால்காரர் ஒருவர் இருந்தார். 1879-இல் வழியில் ஒரு கல் அவர் காலை இடறிற்று. அதன் வடிவில் மனம் பறிகொடுத்தவர், நாள்தோறும் கற்களைப் பொறுக்கி வந்து, 33 ஆண்டுகள் தனியொருவராய் உழைத்து ஒரு மாளிகை எழுப்பினார். 1969-இல் அந்நாட்டரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கிற்று.

நம் நாட்டுச் சாலையோரங்களும் அற்புதங்களுக்குக் குறைந்தவை அல்ல. புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனார் கோயில் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. களிமண்ணைப் பிசைந்து, கால்களை முதலில் வனைந்து, உட்கூடாக உடலை எழுப்பி, வைக்கோலும் வறட்டியும் மூட்டிச் சுடுபவர் வேளார் மரபினர். புரவியெடுப்பு விழாவில் ஊரார் அவற்றைச் சுமந்து சென்று கோயிலில் சேர்ப்பர்.

பழைய குதிரை சிதைந்து மண்ணாகும். புதியது அதனிடத்தில் வரும். கலை வாழ்ந்ததும் அதனாலேயே. இன்றோ பல ஊர்களில் சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. அவை நெடுங்காலம் நிலைக்கும். வேளார் கைக்கோ வேலை இராது.

தாராவிக் கும்பார்வாடாவில் குயவர் சக்கரம் சுழல்வதை நம் குழந்தைகள் கண்டிருப்பர். கோடையில் ஊர் செல்லுங்கால் இக்குதிரைகளையும் அவர்களுக்குக் காட்டுவோம். நேர்த்திக்கடன் இருப்பின், மண் குதிரையே வைப்போம்.