கரையிறங்குவோர்க்கு ஒரு சொல்

உல்லாசக் கப்பலில் வருவோர் வியத்நாமின் ஹாலோங் துறையில் இறங்கி, ஏறக்குறைய 150 கி.மீ. தொலைவிலுள்ள ஹனோய் நகரைப் பார்த்து மீள்வதுண்டு. அந்த ஒரு பகலில் அவர்கள் எங்கே உண்ண வேண்டும்? வறிய இளைஞர்கள் தொழில் பழகும் உணவகத்தில் என்பேன் நான்.

1999-இல் ஜிம்மி பாம் என்பார் ஹனோயில் தொடங்கிய 'கோட்டோ' அத்தகைய முயற்சி. தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கும் ஏழை இளைஞருக்கும் சமையலும் பரிமாறும் முறையும் ஆங்கிலமும் ஈராண்டு கற்பிக்கும் நிலையம் அது. அறிந்தவர் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்தில் பிறந்தது அப்பெயர். இத்தகைய இடத்தில் பயணி வள்ளல் அல்லர், வாடிக்கைக்காரர். சோறு குழைந்தால் குறை சொல்லலாம், சுவைத்தால் பாராட்டலாம். தொழில் கற்பவனுக்கு இரண்டும் வேண்டுமன்றோ?

அநாதை விடுதியைச் சுற்றிப் பார்ப்பதோ வேறு. அண்டை நாடான கம்போடியாவில் அவ்விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தமை ஆய்வுகளில் வெளிப்பட்டது. பயணிகளின் இரக்கமே விடுதிகளைப் பெருக்கிற்று! வந்தவர் முன் ஆடிப் பாடிக் காட்டப் பிள்ளைகளா கிடைத்தார்கள்?

கப்பற் சுற்றுலா நமக்கேது என்று நகைக்காதீர்கள், நண்பர்களே. படிப்பு முடிந்து பயண நிறுவனங்களில் அலுவல் ஏற்போர் நம்முள்ளும் உளர். கட்டணத்தில் எத்தனை பங்கு அவ்விளைஞரைச் சேர்கிறது என்பதைச் சீட்டிலேயே அச்சிடச் செய்யுங்கள். முதலாளி முகஞ்சுளித்தால், ஏன் என்று கேளுங்கள்.